என்ன குடிக்கிறாய், பெண்ணே?

உங்கள் வீட்டு வாசலில் யாராவது வந்து நின்றால் என்ன சொல்வீர்கள்? "வாங்க, உட்காருங்க" என்பீர்கள். அடுத்த மூச்சில், "காபியா, டீயா?" என்று கேட்பீர்கள். யோசித்தா கேட்கிறோம்? அதுவாக வாயில் வந்து விடுகிறது. அந்த ஒரு கேள்வியைக் கற்றுக் கொள்ள எனக்கு அறுபத்தோராவது வயதில் முழுசாக ஒரு மாதம் பிடித்தது என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. நான் கற்றுக் கொண்டது லாட்விய பாஷையில்!

லாட்வியா எங்கே இருக்கிறது என்கிறீர்களா? நானும் அப்படித்தான் கேட்டேன். ஐரோப்பாவில் பால்டிக் கடலோரம், ருஷ்யாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜனத்தொகை 20 லட்சத்துக்கும் குறைவு. 1991-ல் சோவியத் ஆட்சியிலிருந்து விடுபட்ட தேசம். தலைநகர் ரீகா. என் பிள்ளை அங்கே மேல்படிப்புக்குப் போனான். படிப்பு முடிந்தது, உத்தியோகம் கிடைத்தது, கூடவே பெண்ணும் கிடைத்து விட்டாள்!

செய்தி குன்னூருக்கு வந்தபோது எங்கள் வீட்டில் இரண்டு நாள் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. அழுதேன், கோபித்துக் கொண்டேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். ஒரு நாள் டெலிபோனை எடுத்தால், புதுக் குரல் ஒன்று மழலையாக, "அத்தை, காபி குடிச்சீங்களா?" என்றது. எத்தனை நாள் உருப்போட்டாளோ, பாவம்! நான் என்ன செய்தேன் தெரியுமா? பதிலே சொல்லாமல் டெலிபோனை என் வீட்டுக்காரர் கையில் திணித்து விட்டு அடுக்களைக்குள் போய் விட்டேன்.

இது நடந்து இரண்டு வருஷமாகிறது. போன டிசம்பரில் இருவரும் முதல் தடவையாக இங்கே வருவதாக எழுதினார்கள். அன்றைக்குத்தான் அந்தக் கேள்வி என் தொண்டையில் முள்ளாக நிற்பது எனக்கே தெரிந்தது.

"வந்தவளிடம் என்ன குடிக்கிறாய் என்று அவள் பாஷையில் கேட்க வேண்டும். எப்படிடா?" என்று பிள்ளையிடம் கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு சொல்லிக் கொடுத்தான்:

"குவோ து ட்ஸெர்ஸி?"

'குவோ' என்றால் என்ன. 'து' என்றால் நீ. மூன்றாவது வார்த்தை, குடிப்பாய். தினசரிக் காலண்டர் தாளின் பின்புறம் எழுதி அடுப்பு மேடைக்கு மேலே ஒட்டி வைத்தேன். முதல் இரண்டும் சமர்த்தாக வந்து விட்டன. மூன்றாவதுதான் சண்டி. நம் 247 எழுத்தில் எதைச் சேர்த்தாலும் அந்த ஒலி வருவதில்லை. நான் உருப்போடுவதைக் கேட்ட என் வீட்டுக்காரர், "ஜலதோஷமா? மிளகு ரசம் வை" என்றார்.

இதைவிடப் பெரிய சங்கடம் 'து'வில் இருந்தது. நம்மைப் போலவே அவர்களுக்கும் நீ, நீங்கள் இரண்டும் உண்டு. 'து' என்றால் நீ. 'யூஸ்' என்றால் நீங்கள். பலரைச் சொல்லவும் மரியாதைக்கும் 'யூஸ்'தான். முன்பின் பாராத பெண்ணை எடுத்த எடுப்பில் நீ என்பதா? நீங்கள் என்றால் தப்பே வராது. ஆனால், நீங்கள் என்று நாம் யாரைச் சொல்வோம்? விருந்தாளியை. நாலு நாள் தங்கி விட்டுப் போகிறவளை. இரண்டு ராத்திரி யோசித்தேன். காலண்டர் தாளில் 'து'வே இருக்கட்டும் என்று விட்டு விட்டேன்.

குறில் நெடிலில் ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னான் பிள்ளை. 'காஸஸ்' என்றால் கல்யாணமாம். அதையே குறுக்கி 'கஸஸ்' என்றால் ஆடுகளாம்! நல்ல வேளை, கல்யாணத்தைப் பற்றி நான் பேச்செடுக்கப் போவதில்லை.

கேட்டால் போதுமா? அவள் பதில் சொன்னால் புரிய வேண்டாமா? அதையும் கேட்டு எழுதிக் கொண்டேன். தண்ணீர் வேண்டுமென்றால் 'ஊதெனி'. காபிக்கு 'கஃபியு'. டீக்கு 'தேயு'. கூடவே 'லூட்ஸு' என்றால் தயவு செய்து என்று அர்த்தம். நன்றி சொன்னால் பதிலுக்கும் அதே 'லூட்ஸு'தான். சிக்கனமான ஜனங்கள்!

'தேயு' என்று எழுதியவுடன் கை நின்று விட்டது. இது நம் தேயிலையின் 'தே' அல்லவா? ஆமாம், அதேதான். சீனாவில் ஃபூஜியன் கடற்கரைக்காரர்கள் இந்த இலையை 'தே' என்கிறார்கள். டச்சுக்காரர்கள் கப்பலில் ஏற்றிக் கொண்டு போன இடமெல்லாம் அந்தப் பெயரும் போயிற்று. தரை வழியாகப் போன இடங்களில் 'சா' என்ற பெயர் பரவி, ருஷ்யாவிலும் வட நாட்டிலும் 'சாய்' ஆயிற்று. வேடிக்கையைப் பாருங்கள்: லாட்வியாவுக்கு அடுத்த வீடு ருஷ்யா. அங்கே 'சாய்', இங்கே 'தேயா'. எங்கள் கூடலூரைத் தாண்டிக் கீழே நிலம்பூருக்கு இறங்கினால் 'சாயா'. மலை மேல் தேயிலை. நாற்பது வருஷம் தேயிலைத் தோட்டத்துக் கணக்கு எழுதிய என் வீட்டுக்காரருக்கே இது தெரியாது. அவருக்குத் தெரியாததை நான் சொல்வதில் எனக்கு இருந்த திருப்தியை நீங்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

அந்த நாளும் வந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் வந்து இறங்கினார்கள். பனி தேசத்துப் பெண் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து கிடுகிடுவென்று நடுங்குகிறாள்! அங்கே வெளியில்தான் குளிராம். வீட்டுக்குள் சூடு போட்டிருப்பார்களாம். குன்னூர் வீடுகளில் உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிர்தானே?

நான் எதிரே போய் நின்றேன். ஒரு மாதம் உருப்போட்டது முழுக்க மறந்து போயிற்று. அடுக்களைக்கு ஓடிக் காலண்டர் தாளைப் பார்த்து விட்டுத் திரும்பி வந்தேன்.

"குவோ து ட்ஸெர்ஸி?"

அவள் நிமிர்ந்து என்னையே பார்த்தாள். பிள்ளை வாயைத் திறக்கப் போனான், அவள் கையைக் காட்டி நிறுத்தி விட்டு, நிதானமாக, எனக்குப் புரியட்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்: "தேயு அர் இங்க்வெரு, லூட்ஸு."

'அர்' என்றால் 'உடன்' என்று தெரியும். இங்க்வெரு? தாளில் இல்லையே! என் முழிப்பைப் பார்த்து அவளே எழுந்து அடுக்களைக்கு வந்தாள். காய்கறிக் கூடையைத் துழாவி ஒரு துண்டை எடுத்துக் காட்டினாள். இஞ்சி!

"இங்க்வெர்ஸ்" என்றாள் அவள். "இஞ்சி வேர்" என்றேன் நான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டோம். பிற்பாடு பிள்ளை தேடிப் பார்த்துச் சொன்னான். நம் பக்கத்து இஞ்சியும் வேரும் சேர்ந்த பெயர்தான் பிராகிருதத்துக்கும் கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் ஜெர்மனுக்கும் போய், உருமாறி லாட்வியா சேர்ந்திருக்கிறது என்று பாஷை ஆராய்ச்சிக்காரர்கள் கருதுகிறார்களாம். சர்க்கரைக்கு அவர்கள் சொல்லும் 'ட்ஸுகுர்ஸ்' கூட நம் தேசத்து சர்க்கராவின் கொள்ளுப் பேத்திதானாம்.

நான் இஞ்சியைத் தட்டினேன். அவள் பெட்டியிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டு வந்தாள். அவர்கள் ஊர் லிண்டன் மரத்துப் பூ; உலர்த்தி வைத்துக் கொண்டு, ஜலதோஷம் வந்தால் வெந்நீரில் போட்டுக் குடிப்பார்களாம். அதற்கும் 'தேயா' என்றுதான் பெயர். "பூவைப் போட்டால் அது கஷாயம். டீ ஆகாது" என்று தீர்ப்புச் சொன்னார் என் வீட்டுக்காரர். அடுத்த நாள் தும்மல் வந்தபோது இரண்டு தம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார் என்பது வேறு விஷயம்.

டீ கொதித்தது. அவளுக்கு வடிகட்டிக் கொடுத்தேன். வாங்கியவள் குடிக்கவில்லை. தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டு, அதே மழலையில், இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்டதையே கேட்டாள்:

"அத்தை, காபி குடிச்சீங்களா?"

"இன்னும் இல்லையம்மா. இரு, நானும் கலந்துண்டு வரேன்" என்றேன்.