கனாய் என்று சொல்லிக் கொடுத்தவருக்கு



கரையில் எல்லோரும் உங்களை மாவோரியில் 'மாத்துவா' என்கிறார்கள். எனக்கு வாயில் ஐயா என்றுதான் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆக்லாந்தின் லின்ஃபீல்டுக்குக் குடிவந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மனுகாவ் துறைமுகத்தின் நீர் வற்றி, வாட்டில் பே கரையெங்கும் சேறு மினுங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் வலையிலிருந்து ஒரு மீனைக் கழற்றிக்கொண்டிருந்தீர்கள். தட்டையான தலை, பெரிய செதில், கண்மேல் கண்ணாடிபோல ஒரு சவ்வு. "கிரே மல்லட்தானே?" என்றேன். "கனாய்" என்றீர்கள். என் நாக்கு பழகும்வரை மூன்று முறை சொல்ல வைத்தீர்கள்.

அந்த மீன் எனக்குத் தெரியும் ஐயா. பழவேற்காட்டு ஏரியிலிருந்து கூடையில் வரும் மடவை. நூல்களில் இரண்டுக்கும் ஒரே அறிவியல் பெயர்தான். சேற்றை விழுங்கி மேய்வதால் அதன் வயிற்றில் கோழிக்கு இருப்பதுபோல கெட்டியான இரைப்பை இருக்கும். அந்த மண் குழம்பில் வந்துவிடக் கூடாதென்று என் ஆயா கல்லுப்பு போட்டு மூன்று தண்ணீர் அலசுவார். நீங்களும் ஆயா வைக்கும் அதே இடத்தில் கத்தியை வைத்தீர்கள். இரைப்பையை எடுக்க என் விரல் தானாக நீண்டது. நீங்கள் சிரித்தீர்கள். வந்த நாளிலிருந்து நான் அந்நியனாக உணராத முதல் நிமிடம் அது.

தாஃபாகி என்ற மாவோரி வீரனின் பழங்கதையில் தப்பிப் பிழைத்த இருவரில் ஒருவன் கனாய் என்றும், இன்றைக்கும் அது துள்ளிக்கொண்டே இருப்பது அதனால்தான் என்றும் சொன்னீர்கள். பழவேற்காட்டிலும் மடவை துள்ளிப் படகுக்குள் விழும். அதற்குக் கதை உண்டா என்று ஆயாவிடம் நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

உங்கள் அம்மா பள்ளியில் மாவோரி பேசியதற்காக அடிவாங்கியதையும் அன்றுதான் சொன்னீர்கள். 1972 செப்டம்பர் 14இல் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்ட மனு வெலிங்டன் நாடாளுமன்றத்துக்குப் போனது. பள்ளியில் மாவோரி மொழியைக் கற்றுத்தரச் சொல்லிக் கேட்ட மனு அது. 1987இல்தான் மாவோரி ஆட்சிமொழியானது. அடிபட்டுக் காப்பாற்றிய சொல்லை, நேற்று வந்த எனக்குக் கேட்காமலே கொடுத்தீர்கள். அந்த மனம் பெரியது. நன்றி ஐயா.

ஆக்லாந்தில் இதைப் படிக்கும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப் போகும்போது இந்த மீனைக் காட்டி மடவை என்று சொல்லுங்கள். கனாய் என்றும் சொல்லுங்கள்.