மழையில்லாத ஆட்டத்தில் ஒரு கண்மாய்

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினி ஆட்டத்தைத் தொடங்கி ஊர்மன்றக் கட்டடத்தைச் சொடுக்கினால் ‘லூம்’ என்று ஒரு பொத்தான் தெரியும். தறி. விலை 50 பொன், நேரம் 25 விநாடி. தறி வந்துவிட்டால் குடியானவர்களின் உயிர்ப்புள்ளி 25இலிருந்து 40க்கு ஏறும். ஓநாயோ எதிரியின் குதிரையோ வந்தால் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிப்பார்கள். அவ்வளவுதான் அதன் பயன். அந்தத் தறியில் பாவு ஓடாது, ஊடை பாயாது, ஒரு முழம் துணி இறங்காது. துணி என்ற பொருளே அந்த உலகத்தில் இல்லை; உணவு, மரம், பொன், கல் என்று நான்கே சரக்குகள். தறிச் சத்தத்தில் கண் விழித்து வளர்ந்த அருப்புக்கோட்டைப் பிள்ளை அந்தப் பொத்தானைப் பார்த்தால், சேலை எங்கே என்றுதான் முதலில் கேட்கும்.

அடுத்த கேள்வி இன்னும் சுவையானது. அந்த 15 புள்ளியை யார் வைத்தார்கள்? அதை மாற்ற முடியுமா?

முடியும். ஆட்டத்தின் எண்கள் எல்லாம் ஒரே தரவுக் கோப்பில் கிடக்கின்றன. அதைத் திறந்து திருத்துவதற்கு ‘அட்வான்ஸ்டு ஜீனி எடிட்டர்’ என்ற கருவியை ஆர்வலர்களே எழுதி, இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். ஜீனி என்பது ஆட்டத்தின் இயந்திரத்துக்கு அதை உருவாக்கிய டாலஸ் நகரத்து என்செம்பிள் ஸ்டூடியோஸ் வைத்த பெயர். நிறுவனமும் கதவைச் சாத்தி வைக்கவில்லை. 1999இல் ஆட்டம் வந்தபோதே காட்சி அமைக்கும் கருவியும், கணினி எதிராளிக்கு விதி எழுதக் கற்றுத்தரும் கையேடும் குறுந்தகட்டிலேயே இருந்தன. 2000இல் வந்த ‘தி கான்கரர்ஸ்’ விரிவாக்கம், வரைபடங்களையே வெறும் எழுத்துக் கோப்பாக எழுதும் வசதியையும் தந்தது. நோட்பேடு இருந்தால் போதும், ஒரு நாட்டை வரைந்துவிடலாம்.

இப்படி எழுதப்படும் ஒட்டுச் சேர்க்கைகளைத்தான் ‘மாட்’ என்கிறார்கள். சம்பளம் இல்லை, பதவி இல்லை. வேலை முடிந்து வந்து இரவில் உட்கார்ந்து, ஒரு எண்ணை மாற்றி, ஆடிப் பார்த்து, மறுபடி மாற்றுகிற வேலை. அந்த உழைப்பை ஒரு பொழுதுபோக்கு என்று தள்ளிவிடவே முடியாது. இந்த ஆட்டத்துக்குள் இந்தியா நுழைந்த வழியே அதுதான். 1999இல் 13 அணிகள், அடுத்த ஆண்டு 5 சேர்ந்து 18. மங்கோலியர் உண்டு, பாரசீகர் உண்டு, சீனர் உண்டு. சிந்து முதல் குமரி வரை ஒருவர்கூட இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் நிலைமை அப்படியே கிடந்தது. 2012 டிசம்பரில், பெல்ஜியத்தைச் சேர்ந்த பெர்ட் பீக்மேன் முன்னின்று நடத்திய ஆர்வலர் குழு, மூல நிரல் கையில் இல்லாமலே, ‘ஃபர்காட்டன் எம்பயர்ஸ்’ என்ற மாட்டை வெளியிட்டது. அதில் ஐந்து புதிய அணிகள், ஒன்று இந்தியர். அடுத்த நவம்பரிலேயே அது ‘தி ஃபர்காட்டன்’ என்று அதிகாரபூர்வ விரிவாக்கமாக விற்பனைக்கு வந்தது. விளையாடிக்கொண்டிருந்தவர்களே அந்த ஆட்டத்தைத் தொடர்ந்து உருவாக்கும் நிறுவனமாகவும் ஆனார்கள். 2022 ஏப்ரல் 28 அன்று ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ வந்தபோது ஒற்றை இந்தியர் அணி பிரிந்து, திராவிடர், வங்காளிகள், கூர்ஜரர், இந்துஸ்தானியர் என்று நான்காயிற்று. ராஜேந்திர சோழன் பெயரில் ஒரு போர்த்தொடரும் வந்தது. திராவிடர் அணியின் ஆட்களைச் சொடுக்கினால் தமிழில் பதில் சொல்கிறார்கள்.

அந்தத் திராவிடர் அணியின் குதிரைலாயம்தான் இங்கே நின்று பார்க்க வேண்டிய இடம். நைட் எனப்படும் கவசக் குதிரைவீரன் இந்த ஆட்டத்தின் முதுகெலும்பு. 60 உணவும் 75 பொன்னும் கொடுத்தால் 100 உயிர்ப்புள்ளியோடு வந்து நிற்பான். நான்கு இந்திய அணிகளுக்கும் அவன் கிடையாது. இந்துஸ்தானியருக்கும் கூர்ஜரருக்கும் அந்தக் குறையை ஒட்டகம் தீர்த்துவைக்கிறது. திராவிடரின் லாயமோ ஆட்டத்திலேயே மிக வறியவற்றில் ஒன்றாக நிற்கிறது. குறை சொல்கிற ஆட்டக்காரர்கள் ஏராளம். ஆனால் அந்த வெறுமைக்குப் பின்னால் வரலாறு இருக்கிறது.

13ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் பாண்டிய நாட்டின் குதிரை வணிகத்தைப் பற்றி மார்கோ போலோ சொல்லிவைத்திருப்பது விசித்திரமான கணக்கு. ஆட்சியைப் பகிர்ந்துகொண்ட சகோதரர்கள் ஐவரும் ஆளுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் ஆண்டுதோறும் வாங்குகிறார்களாம். ஒவ்வொன்றின் விலையும் 100 மார்க் வெள்ளியைத் தாண்டுமாம். ஹோர்முஸ், கீஷ், தோபார், ஏடன் வணிகர்கள் கப்பலில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். ஆண்டு முடிவதற்குள் அத்தனையும் செத்து, 100கூட மிஞ்சாதாம். காரணமும் சொல்கிறார்: பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை, சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துக் குதிரைக்குப் போடுகிறார்கள், லாடக்காரர்களை வணிகர்கள் திட்டமிட்டே அழைத்து வருவதில்லை, குதிரைகள் பிழைத்துவிட்டால் அடுத்த ஆண்டு வியாபாரம் படுத்துவிடும் என்பதற்காக. நல்ல பெட்டையை நல்ல பொலிக்குதிரையோடு சேர்த்தாலும் கால் கோணிய குட்டிதான் பிறக்கும் என்றும் எழுதுகிறார். கேட்டதைப் பெருக்கிச் சொல்லும் வழக்கம் அவருக்கு உண்டு. எண்ணிக்கையில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் குதிரை வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும் என்பதில் பொய் இல்லை. மாணிக்கவாசகர் கதையே அந்தத் தரையில்தானே நிற்கிறது? குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொன் திருப்பெருந்துறையில் கோயிலாயிற்று, நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்தன, இரவோடு இரவாக மறுபடி நரிகளாயின. கருவூலத்தையே கரைக்கும் சரக்காகக் குதிரை இருந்த நாட்டில்தான் அப்படிக் கதை பிறக்கும்.

ஆகவே நைட்டை அடித்துவிட்டது சரி. ஆனால் அடித்துவிடுவது சுலபமான வழி. நல்ல மாட் எழுதுபவர் இந்தக் கணக்கையே விதியாக்குவார். துறைமுகத்தில் இரட்டை விலைக்கு நைட் கிடைக்கட்டும். காட்சிக் கருவியில் திரும்பத் திரும்ப ஓடும் ‘டிரிக்கர்’ ஒன்றை வைத்து, குறித்த இடைவெளியில் அவன் உயிர்ப்புள்ளியைக் குறைத்துக்கொண்டே வரட்டும். அதற்கான ‘டேமேஜ் ஆப்ஜெக்ட்’ என்ற செயல் ஏற்கெனவே இருக்கிறது. வாங்கியவர் உடனே போருக்குப் போக வேண்டும், அல்லது பொன்னோடு குதிரையையும் இழக்க வேண்டும். பாண்டியரின் பொருளாதார நெருக்கடி பத்து வரியில் வந்துவிடும். பாடப்புத்தகம் சொல்லாமல் விட்டதைக் கை விரல்களே உணர்ந்துகொள்ளும்.

குதிரையை விடவும் பெரிய குறை ஒன்று இருக்கிறது. ஆட்டத்தை உருவாக்கியவர்களுக்குத் தமிழன் கடலோடியாகத் தெரிந்திருக்கிறான். திராவிடர் அணி ஒரு யுகத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போதெல்லாம் 200 மரம் இலவசம்; துறைமுகத்துக்கும் படகுக்கும் ஆகும். மீனவர் கூடுதலாக 15 சுமப்பார். நீர் நிறைந்த வரைபடங்களில் வலுவான அணி. ஆனால் போட்டிகளில் அதிகம் ஆடப்படும் ‘அரேபியா’ என்ற வறண்ட வரைபடத்தில் தடுமாறும் அணி என்றே பெயர் எடுத்திருக்கிறது. சோழர் கப்பல் உண்மை. வானம் பார்த்த ஊர்களான திருச்சுழி, காரியாபட்டி, கமுதி, முதுகுளத்தூரும் உண்மைதான். வறண்ட தரையில் எப்படிப் பிழைப்பது என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கற்ற தமிழர்கள் அந்த அணியில் இடம்பெறவே இல்லை.

இதில் மிகவும் உறுத்துவது வயல். 60 மரம் கொடுத்தால் எந்தக் கட்டாந்தரையிலும் வயல் போடலாம். 175 உணவு தரும். தண்ணீர் வேண்டாம். ஆட்டம் முழுக்க விளைச்சலைத் தீர்மானிக்கும் மழையே கிடையாது, வறட்சியும் கிடையாது. ஐப்பசியில் வானத்தைப் பார்த்தே விதைப்பை முடிவு செய்யும் ஊருக்கு இது பொருந்தாத கற்பனை.

அப்படியானால் திருச்சுழிச் சீமையை யாராவது எழுதித்தான் ஆக வேண்டும். அது முடியாத காரியமும் அல்ல. அடித்தரை புழுதி. காடு அங்கொன்றும் இங்கொன்றும். சீமைக் கருவேலத்தைப் போடக் கூடாது. இன்றைக்கு அதுவே நிலத்தை மூடிக் கிடந்தாலும், அமெரிக்காவிலிருந்து அது வந்து சேர்ந்தது ஆட்டத்தின் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தி. நாட்டுக் கருவேலும் உடையும் பனையும் போதும். மேடு பள்ளம் கிட்டத்தட்ட இல்லை. இந்த இடத்தில் ஆட்டத்தின் விதி ஒன்று அழகாகக் கைகொடுக்கிறது: உயரத்தில் நின்று அடித்தால் அடி 25 விழுக்காடு கூடும். தட்டையான கரிசலில் உயரம் என்று இருப்பது கண்மாய்க் கரை மட்டும்தான். ஆகவே கரையைப் பிடித்தவன் கை ஓங்கும்.

கண்மாயைத் தனித்தனிக் குளமாகத் தெளிப்பது எளிது. சில வரி போதும். ஆனால் கண்மாய் தனியாக இருக்கும் பொருள் அல்ல. குண்டாற்றிலும் ஓடைகளிலும் வரும் வெள்ளம் வரத்துக்கால் வழியாக முதல் கண்மாயில் சேரும். அது நிறைந்தால் கலுங்கில் வழிந்து கீழ்க் கண்மாய்க்குப் போகும், அது நிறைந்தால் அதற்கும் கீழே. வரைபட மொழியில் இதற்கென்று கட்டளை கிடையாது. ஆனால் ஆட்டக்காரர்களின் ஊர்களைத் தரைவழியாக இணைக்க ‘கனெக்ட் ஆல் பிளேயர்ஸ் லேண்ட்’ என்ற கட்டளை ஒன்று உண்டு. ஆற்றுக்குக் குறுக்கே கடப்புத்துறை அமைக்கப் பயன்படுவது. அந்த இணைப்பு ஓடும் பாதையில் புழுதியை ஆழமற்ற நீராக மாற்றச் சொல்லிவிட்டால், ஊர்களை இணைக்கும் வழி வாய்க்காலாகிவிடும். வேறொன்றுக்குச் செய்ததை இப்படித் திருப்பிக்கொள்வதில்தான் மாட் எழுதுபவரின் சந்தோஷமே இருக்கிறது.

பிறகு மழை. வரைபடத்தைக் காட்சிக் கருவியில் ஏற்றினால் டிரிக்கரில் நேரக் கணக்கும் வைக்கலாம், வாய்ப்புக் கணக்கும் வைக்கலாம். வடகிழக்குப் பருவத்துக்கு ஒரு நேரம். பொய்க்க இத்தனை விழுக்காடு வாய்ப்பு. பெய்தால் மேல் ஊருக்கு உடனே உணவு, கீழ் ஊருக்குத் தாமதமாக. பொய்த்தால் கடைமடை வயல்கள் அழிந்துபோகும்.

மேல் ஊர்க்காரர் இதில் சும்மா இருக்க மாட்டார். கலுங்கின் மேல் வரிசையாக நட்ட கற்களுக்கு நடுவே மண்ணை அப்பி, தண்ணீரை ஓரடி கூட்டித் தேக்கிக்கொள்வது பழைய வழக்கம். தேக்கினால் கீழ்க் கண்மாய் காயும். ரொம்பத் தேக்கினால் சொந்தக் கரையே உடையும். கத்தி எடுக்காமலே அண்டை ஊரை வீழ்த்தலாம், கத்தி எடுக்காமலே தானும் அழியலாம். சண்டை ஆட்டம் என்று பார்த்தால்கூட, யானைப் படையை விட இதில்தான் யோசிக்க அதிகம் இருக்கிறது.

சிக்கல் ஒன்று மிச்சம் இருக்கிறது. போட்டி ஆட்டக்காரர்கள் வரைபடத்தில் நியாயம் கேட்பார்கள். பொன்னும் கல்லும் எல்லோருக்கும் ஒரே தொலைவில் வேண்டும் என்பார்கள். கண்மாய்ச் சங்கிலியில் எல்லோரும் மேல் ஊர்க்காரராக இருக்க முடியாது. ஆனால் கோயில் மண்டபத் தரையில் கீறியிருக்கும் ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலிக்கு எதிரே 15 ஆடு; இரண்டு பக்கமும் ஒன்றல்ல, யார் ஜெயிப்பார் என்றும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கடைமடை ஊருக்கு அப்படி ஓர் ஈடு கொடுக்க வேண்டும். நீரை நம்ப முடியாத இடத்தில் கிடை போட்டுப் பிழைப்பதே இந்தச் சீமையின் வழி என்பதால், ஆடுகளையே அதிகம் கொடுக்கலாம். குறிப்பிட்ட ஒரு நிலத்தில் மட்டும் பொருளை வைக்கும் கட்டளையும் வரைபட மொழியில் இருக்கிறது. வழக்கமாக ஊருக்கு 8 செம்மறிகள். கடைமடைக்கு 12 போதுமா, 16 வேண்டுமா என்பதை நாலு பேரை உட்கார வைத்து ஆடவிட்டுத்தான், எண்ணை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும்.