மேலே யார் இருக்கிறார்கள்?

‘‘போன ஒரு மாசத்துல வெளியில எங்கேயாவது தண்ணி குடிச்சீங்களா?’’ என்று கேட்டார் டாக்டர்.

பத்திரிகைக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? டீக்கடை, கல்யாண மண்டபம், கட்சி அலுவலகம் என்று வெளியில்தானே குடிக்கிறேன். ஆனால், அவர் எதைக் கேட்கிறார் என்று புரிந்தது. மலைக்குப் போய் வந்த கதையை முதலிலேயே சொல்லியிருந்தேன்.

‘‘ஓடைத் தண்ணிதான் டாக்டர். ஆனா, ஃபில்டர் பண்ணித்தான் குடிச்சேன்’’ என்றேன், ஹோம்வொர்க் முடித்துவிட்ட பையன் மாதிரி.

அவர் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். எலுமிச்சம்பழ நிறம். ‘‘என்ன ஃபில்டர்?’’

‘‘பாயின்ட் ஒன் மைக்ரான்.’’

‘‘மஞ்சள் காமாலை வைரஸ் அதைவிடச் சின்னது சார். உங்க ஃபில்டரைத் தாண்டி ஜாலியா உள்ளே வந்திருக்கும்.’’

என் மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய் அந்த நிமிடமே வாராக்கடன் ஆனது.

*

இது நடந்தது 2022-ல். நண்பர்கள் நாலு பேர், வனத்துறை அனுமதி வாங்கி, மேற்குத் தொடர்ச்சி மலையில் இரண்டு நாள் நடப்பதென்று முடிவு செய்தோம். நாற்பதைத் தாண்டியவர்களுக்குத் திடீரென்று வருமே, உடம்பைக் கவனிக்க வேண்டும் என்ற ஞானோதயம், அதுதான்.

நான் பி.காம். எதை வாங்கினாலும் வரவு செலவு போட்டுப் பார்க்காமல் வாங்க மாட்டேன். மலை ஏறுகிற ஆளுக்கு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளைக்கு எட்டு லிட்டர். தண்ணீரின் எடையில் தள்ளுபடியெல்லாம் கிடையாது. லிட்டருக்கு ஒரு கிலோ. எட்டு கிலோவை முதுகில் சுமந்து ஏறுவதற்குப் பதில், நூறு கிராம்கூட இல்லாத ஒரு ஃபில்டரைப் பையில் போட்டுக்கொண்டால் வழியில் ஓடுவதெல்லாம் நம் தண்ணீர்தான். ஆயிரக்கணக்கான லிட்டர் வடிகட்டும் என்று அட்டையில் போட்டிருந்தது. வகுத்துப் பார்த்தேன். தேய்மானம் கழித்தாலும் லாபம்தான். வாங்கிவிட்டேன்.

உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பிளாஸ்டிக் குழல். அதற்குள் சேமியா மாதிரி மெல்லிய குழாய்கள் கட்டுக் கட்டாக இருக்கும். ஒவ்வொரு குழாயின் சுவரிலும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள். ஓட்டையின் அளவு 0.1 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். ஓடைத் தண்ணீரை ஒரு பையில் பிடித்து, ஃபில்டரை அதன் வாயில் திருகி, பிதுக்க வேண்டும். அந்தப் பக்கம் கண்ணாடி மாதிரி தண்ணீர் வரும்.

பேதியைக் கொண்டுவரும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியின் கூடு 8 முதல் 12 மைக்ரான். அதன் பங்காளி கிரிப்டோஸ்போரிடியம் 4 முதல் 6 மைக்ரான். டைஃபாய்டு, காலரா பாக்டீரியாக்கள்கூட அரை மைக்ரானுக்குக் குறையாது. இவை எல்லாமே மாட்டிக்கொள்ளும். ஆனால், ஹெபடைடிஸ் ஏ வைரஸின் அளவு சுமார் 0.03 மைக்ரான். கோதுமை சலிக்கிற சல்லடையில் மாவு நிற்குமா?

இவ்வளவும் ஃபில்டரோடு வந்த காகிதத்திலேயே இருந்தது. பாக்டீரியா, ஒட்டுண்ணி என்று எழுதியிருந்தார்கள். வைரஸ் என்ற வார்த்தையே இல்லை. என்ன இருக்கிறது என்று படித்த நான், என்ன இல்லை என்று படிக்கவில்லை. ஆடிட்டர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். நான் ஆடிட்டர் ஆகாததற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

*

கீழாநெல்லி, மோர் சாதம், ஆவியில் வெந்த இட்லி என்று ஆறு வாரம் படுத்துக் கிடந்தபோது இதைப் பற்றி நிறையப் படித்தேன். வேறு வேலை?

இந்த வைரஸ் உடம்பில் நுழைந்து நோயாகத் தலைகாட்ட 15 முதல் 50 நாள் வரை ஆகும்; சராசரி 28. நான் மலையிலிருந்து இறங்கி நாலு வாரத்தில் காமாலை. ஓடைதான் குற்றவாளி என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ரோட்டோரக் கரும்பு ஜூஸாகவும் இருக்கலாம். ஆனால், நண்பர் விசாரித்துச் சொன்ன ஒரு விஷயம் உறுத்தியது. நாங்கள் தண்ணீர் பிடித்த இடத்திலிருந்து ஒரு மணி நேரம் மேலே ஏறினால் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று இருக்கிறதாம். அங்கே கழிவறைகள் இல்லாததற்கு அந்த மக்கள் பொறுப்பல்ல. அதை விசாரிக்காமல் குடித்ததற்கு நான் பொறுப்பு.

மலைக்கு ஃபில்டர் வாங்க நினைப்பவர்கள் கடைக்காரரிடம் விலையைக் கேட்பதற்கு முன்னால், தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: ‘நான் குடிக்கப்போகும் தண்ணீருக்கு மேலே யார் இருக்கிறார்கள்?’

மேலே மான், காட்டெருமை மட்டும்தான் என்றால், என்னிடம் இருந்தது போன்ற குழாய் ஃபில்டர் பெரும்பாலும் போதும். மனிதர்களைத் தாக்கும் குடல் வைரஸ்கள் பெரும்பாலும் மனிதக் கழிவிலிருந்துதான் வருகின்றன. வெளிநாடுகளில் ஆள் அரவமற்ற மலைகளில் நடப்பவர்கள் இந்த ஃபில்டரை மட்டும் நம்பிப் போவது அதனால்தான். நம் ஊரில் மலையின் உச்சி வரை ஊர் இருக்கிறது. ஊர் இல்லாவிட்டால் கோயில் இருக்கிறது. இரண்டும் இல்லாவிட்டால் நம்மைப்போல நாலு பேர் கூடாரம் அடித்திருக்கிறார்கள்.

அப்படியானால் என்ன செய்யலாம்? கொதிக்க வைப்பதை மிஞ்சிய வழி இல்லை. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் வைரஸ் உட்பட எல்லாக் கிருமிகளும் குளோஸ். 2,000 மீட்டருக்கு மேல், அதாவது கொடைக்கானல் உயரத்தில், தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதால் மூன்று நிமிடம். ஆனால், காட்டுக்குள் நினைத்த இடத்தில் அடுப்பு மூட்ட முடியாது, மூட்டவும் கூடாது.

அடுத்தது குளோரின் மாத்திரை. தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஜில்லென்ற தண்ணீர் என்றால் இன்னும் கொஞ்ச நேரம். நீச்சல் குள வாசனை அடிக்கும். வைரஸைக் கொல்லும். ஆனால், அந்த கிரிப்டோஸ்போரிடியம் இருக்கிறதே, அது குளோரினுக்கெல்லாம் அசையாது. ஃபில்டரில் மாட்டிக்கொள்ளும். ஃபில்டரில் தப்பும் வைரஸ் மாத்திரைக்குச் சாகும். கணவன் மனைவி மாதிரி, ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடித்துவிடுவார். ஆக, முதலில் ஃபில்டர், பிறகு மாத்திரை. எங்கள் நாலு பேரில் ஒருத்தர் மாத்திரை கொண்டு வந்திருந்தார். ‘பயந்தாங்கொள்ளி’ என்று இரண்டு நாளும் கிண்டல் செய்தோம். அவருக்குக் காமாலை வரவில்லை. பழம் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தவர், மரியாதைக்காக அதைப் பற்றிப் பேசவே இல்லை.

புற ஊதா ஒளியில் கிருமியைக் கொல்லும் பேனா இருக்கிறது. தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். பேட்டரி தீர்ந்தால் அது வெறும் பேனா. வைரஸையும் பிடிக்கிற நுண்ணிய ஃபில்டர்களும் உண்டு, விலை அதிகம். எது வாங்கினாலும் பூச்சிமருந்தையும் ரசாயனத்தையும் இந்தச் சாதாரணக் குழாய் ஃபில்டர் பிடிக்காது. தோட்டங்களுக்குக் கீழே ஓடும் தண்ணீரைத் தொடாமல் இருப்பதே நல்லது.

கலங்கல் தண்ணீரை நேராக ஃபில்டரில் விட்டால் அது அடைத்துக்கொள்ளும். தெளிய வைத்து, துணியில் வடிகட்டிவிட்டுப் பிறகு விட வேண்டும். என் அப்பத்தா தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறம் தேய்த்துத் தண்ணீரைத் தெளிய வைப்பார். குடத்து வாயில் பழைய வேட்டியை மடித்துக் கட்டுவார். பட்டிக்காட்டு வைத்தியம் என்று நினைத்திருந்தேன். வங்கதேச கிராமங்களில் பழைய புடவையை நாலாக மடித்துத் தண்ணீரை வடிகட்டச் சொல்லி ஆராய்ச்சி செய்தார் ரீட்டா கோல்வெல் என்ற அமெரிக்க விஞ்ஞானி. காலரா 48 சதவிகிதம் குறைந்தது என்று 2003-ல் அவருடைய குழு அறிவித்தது. காலராக் கிருமி தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய உயிரிகளில் ஒட்டிக்கொண்டு திரியும். மடித்த துணியில் அந்த வாகனம் மாட்டிக்கொள்ள, பயணியும் சேர்ந்து மாட்டிக்கொள்கிறான். அப்பத்தாவுக்கு மனதுக்குள் ஒரு ஸாரி சொன்னேன்.

இன்னும் இரண்டு விஷயம். பயன்படுத்திய பிறகு, கூடவே தரும் ஊசியில்லாத சிரிஞ்சில் நல்ல தண்ணீரை எடுத்து ஃபில்டருக்குள் எதிர்த்திசையில் பீய்ச்சிக் கழுவ வேண்டும். இமயமலைப் பக்கம் போகிறவர்கள் இரவில் அதை உடம்போடு வைத்துக்கொண்டு தூங்க வேண்டும். உள்ளே ஈரம் உறைந்தால் குழாய்கள் வெடித்துவிடும். பார்த்தால் எதுவும் தெரியாது. தண்ணீர் எப்போதும்போல வரும். அப்புறம், ஓடைத் தண்ணீர் பிடித்த பையை ஏந்திய அதே ஈரக்கையால் நல்ல பாட்டிலின் வாயைத் துடைத்தால், மைக்ரான் கணக்கெல்லாம் காற்றோடு போச்சு.

*

உடம்பு தேறியதும் கடைசி முறையாக டாக்டரைப் பார்க்கப் போனேன். ‘‘வீட்ல யாருக்கும் வரலியே?’’ என்று கேட்டார். இல்லை என்றேன். ‘‘நல்லவேளை. மஞ்சள் தெரியறதுக்கு முன்னால ஒரு ரெண்டு வாரம்தான் இது ரொம்பப் பரவும். ஆளுக்கு ஒண்ணுமே தெரியாது. ஆனா, மலத்துல வைரஸ் போயிட்டே இருக்கும்.’’ வீட்டில் எல்லோருக்கும் தடுப்பூசி எழுதிக் கொடுத்தார்.

படி இறங்கும்போது மனசு தானாகத் தேதிகளைக் கணக்குப் போட்டது. அந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அன்று அலுவலக நண்பர்களோடு ஓர் அருவிக்குப் போயிருந்தேன். வழியில் சாப்பிட்ட பொங்கல் வயிற்றைக் கலக்க, அவசரமாக ஒரு பாறை மறைவில் ஒதுங்கினேன். ஓடைக்கும் எனக்கும் பத்தடி இருந்தால் அதிகம். ஓடையிலேயே கால் கழுவினேன். திரும்பும்போது கீழே அதே ஓடையில் இரண்டு பெண்கள் பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்ததை வேனிலிருந்து பார்த்தேன். ‘இன்னும் நம்ம கிராமங்கள்ல இப்படித்தான்’ என்று பக்கத்து சீட்காரரிடம் வருத்தப்பட்டது வரை ஞாபகம் இருக்கிறது.

அவர்களுக்கு ஏதாவது வந்ததா, வீட்டில் குழந்தைகள் இருந்தார்களா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. எனக்கு மேலே யார் என்று ஆறு வாரம் கோபப்பட்ட நான், எனக்குக் கீழே யார் என்று ஒரு நிமிடம் யோசித்ததில்லை. வரவை மட்டும் எழுதிய பேரேடு அது.

தண்ணீரிலிருந்து 200 அடி, அதாவது சுமார் எண்பது தப்படி தள்ளிப் போக வேண்டும். ஆறேழு அங்குலம் குழி தோண்டி, பிறகு மண்ணைப் போட்டு மூட வேண்டும். மலையில் நடப்பவர்களுக்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் விதி இது. ஃபில்டரின் காகிதத்தை மூன்று தடவை படித்த நான், இதை அப்போதுதான் முதல் தடவை படித்தேன்.

*

மறுவருடம் ஏப்ரலில், பதிமூன்று வயது மகனோடு வெள்ளியங்கிரி ஏறினேன். ஏழு மலை, கையில் மூங்கில் கழி. கைதட்டிச் சுனையில் தண்ணீர் பிடித்து, பிதுக்கி, மாத்திரை போட்டு, சிரிஞ்சால் ஃபில்டரைக் கழுவிக்கொண்டிருந்தேன். செருப்பில்லாமல் ஏறி வந்த ஒரு பெரியவர் நின்று பார்த்தார்.

‘‘ஏனுங்க தம்பி, தண்ணிக்கு ஊசி போடறீங்களா?’’

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும்தான். விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

‘‘நான் முப்பது வருஷமா கையில ஏந்தித்தான் குடிக்கறனுங்க. ஆனா, அப்ப இவ்வளவு சனம் இல்லீங்க. எங்கய்யன் கூட்டிட்டு வர்றப்ப ஒண்ணுதான் சொல்லுவாருங்க: சுனைப் பக்கம் எச்சில்கூடத் துப்பப்படாது. பின்னால வர்றவன் குடிக்கோணும்.’’

சொல்லிவிட்டு இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிக் குடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறிப் போய்விட்டார். எனக்கு ஆறு வாரமும் ஒரு காமாலையும் தேவைப்பட்ட பாடம். அவருக்கு அவர் அய்யன் சொன்ன ஒரு வரி.

இப்போது எங்கள் மலைப்பையில் ஃபில்டர், மாத்திரையோடு அறுபது ரூபாய்க்கு வாங்கிய ஒரு களைக்கொத்தும் இருக்கிறது. போன தடவை போயிருந்தபோது, விடிந்ததும் மகன் அதை எடுத்துக்கொண்டு ஓடைக்கு எதிர்ப்பக்கமாக நடந்தான். என் கண்ணுக்கு எட்டும் தூரத்திலேயே போகச் சொல்லியிருந்தேன். உரக்க எண்ணிக்கொண்டே போனான். கொஞ்ச நேரத்தில் தூரத்திலிருந்து குரல் வந்தது:

‘‘அப்பா, எண்பது ஆச்சு! போதுமா?’’

‘‘இன்னும் பத்து போடா’’ என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கடனில் கொஞ்சம் கழியட்டும்.