உம்மாவுக்காக ஒரு படம்

எங்கள் கிணற்றடிச் செம்பருத்தியை நட்டு வளர்த்தவர் என் உம்மா. அதன் பூவை அவர் தெளிவாகக் கண்டு ஈராண்டுகள் ஆகின்றன. சர்க்கரை நோய் விழித்திரையைப் பழுதாக்கிவிட்டது. எஞ்சிய பார்வைக்கு, எதையும் பெரிதாக்கிக் காட்டினால்தான் புலப்படும். அதனால்தான் வாசக அன்பர்களே, மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் நான், நாற்பது வயதுக்கு மேல், கைபேசியும் கையுமாகப் பூக்களின் முன் குனிந்து நிற்கத் தொடங்கினேன்.

எளிது என்றே எண்ணியிருந்தேன். பத்து செ.மீ.க்கும் அருகில் கொண்டு சென்றால் என் கைபேசியில் எல்லாம் மங்கியது. கவ்வி மாட்டும் சிறு வில்லை ஒன்றை வாங்கினேன். இப்போது வேறு தொல்லை. நெருங்க நெருங்க, தெளிவாக விழும் ஆழம் சில மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. செம்பருத்தியோ தன் நடுத்தண்டை நம்மை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் பூ. நேரே நின்று எடுத்தால் நுனியிலுள்ள ஐந்து சிவப்புச் சூல்முடிகள் தெரியும், இதழ்கள் கரைந்துபோகும். பல நாள் தோற்ற பின்னரே, பக்கவாட்டில் நின்று தண்டுக்கு இணையாகக் கைபேசியைப் பிடிக்கக் கற்றேன். நண்பகல் வெயில் சிவப்பை வெளிறச் செய்துவிடும். எனவே காற்று எழுமுன், காலை நிழலில், ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் பிடித்து ஒளியைத் திருப்பி எடுத்தேன். மகரந்தம் மணி மணியாக விழுந்தது. பூரித்துப் போனேன்!

கணினித் திரையில் பெரிதாக்கி உம்மாவிடம் காட்டினேன். முகத்தைத் திரையருகே கொண்டுசென்று நெடுநேரம் பார்த்தார். பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

"காம்புக்குக் கிட்ட வெள்ளையா இருக்கே, என்ன வாப்பா?"

பஞ்சுபோல் ஏதோ ஒட்டியிருந்தது. பூவின் முன் அத்தனை நாள் நின்ற என் கண்ணில் அது படவேயில்லை.

"மாவுப்பூச்சி. தண்டுல எறும்பு ஏறுதான்னு போய்ப் பாரு."

ஏறிக்கொண்டிருந்தது. அப்பூச்சி கசியவிடும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காத்து நிற்கும் என்று உம்மா சொல்லித்தான் அறிந்தேன். அன்று மாலை, அவர் சொன்ன கிளைகளை வெட்டி அகற்றினேன். மற்றவற்றில் வேப்பெண்ணெயைச் சோப்புநீரில் கலந்து தெளித்தேன்.

மறுநாள் காலையில் மதரஸாவுக்குப் புறப்படும்போது உம்மா அழைத்தார்.

"பூவு இருக்கட்டும் வாப்பா. இலைக்கு அடியிலெ எடுத்துட்டு வா."