"நாங்க" யாருடி?

என் மூத்த பெண்ணுக்குச் சித்திரையில் வேலை போய்விட்டது. சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனி. ஆட்குறைப்பு என்று ஒரே நாளில் அனுப்பிவிட்டார்கள். 2023-ல் விட்டார்களே சென்னை-போடி ரயில், அதில் பெட்டியோடு வந்து இறங்கினாள். கல்விக் கடன் இன்னும் பாக்கி.

புரோகிராம் எழுதும் பரீட்சையெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. 'பிஹேவியரல்' என்று ஒரு சுற்று இருக்கிறதாம், அதில்தான் இரண்டு இடத்தில் போச்சு. "நீங்கள் எடுத்த ஒரு பெரிய முடிவைச் சொல்லுங்கள். ஏன் எடுத்தீர்கள், யார் எதிர்த்தார்கள், கடைசியில் என்ன ஆயிற்று?" என்று கதை கேட்பார்களாம்.

நான் பிளஸ் டூவோடு நின்றவள். அதனாலென்ன, கதை கேட்கத் தெரியாதா? "என்கிட்ட சொல்லு" என்றேன்.

ஒரு மருந்துக்கடைக்கு ஆர்டர் எடுக்கும் சாஃப்ட்வேர். சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்துத் தனித்தனியே ஓட்டலாம் என்று மற்றவர்கள் சொல்ல, ஒரே கட்டாக இருக்கட்டும் என்று இவள் நின்றிருக்கிறாள். ஆனால் சொல்லும்போது மூச்சுக்கு மூச்சு "நாங்க யோசிச்சோம், நாங்க முடிவு பண்ணினோம்."

"நாங்க யாருடி? நீ என்ன பண்ணினே?"

"பெருமையடிக்கிற மாதிரி இருக்கும்மா."

பெண் பிள்ளைகளை அப்படித்தானே வளர்த்திருக்கிறோம்!

ஏன் ஒரே கட்டு என்றால், 2023-ல் அமேசான் பிரைம் வீடியோக்காரர்கள் தங்கள் ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஏற்பாட்டை அப்படி ஒன்றாக்கி, அதன் செலவை 90 சதவீதத்துக்கு மேல் குறைத்தார்களாம். சரிதான், அது அவன் வீட்டுக் கதை. உன் வீட்டில் என்ன?

அதுவரை பேசாமலிருந்த அவள் அப்பா வாயைத் திறந்தார். பூப்பாறைப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம். காய் உலர்த்தச் சொந்தமாக ஸ்டோர் கட்டச் சொல்லிப் பங்காளிகள் நச்சரித்தும் இவர் கட்டவில்லை.

"அஞ்சு கிலோ பச்சைக்கு ஒரு கிலோதான் உலர்ந்த காய் நிக்கும். நம்ம காய்க்கு ஸ்டோர் கட்டினா பாதி நாள் பூட்டித்தான் கிடக்கும். கூலிக்குக் கொடுத்தா நம்ம முறைக்குக் காத்துக் கிடக்கணும், பக்குவமும் நம்ம கையில இல்லை. அது நஷ்டம்தான், இல்லேங்கல. அஞ்சு ஏக்கர் ஆகட்டும், நானே கட்டுவேன்."

பெண் நோட்டை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் இப்படிச் சொன்னாள்: "டீமில் நாலே பேர். பத்துத் துண்டாக்கினா ராத்திரி ஒண்ணு நின்னா பார்க்க ஆளில்லை. அதனால நான் ஒரே கட்டுன்னு சொன்னேன். சின்ன மாற்றத்துக்கும் முழுசையும் மறுபடி ஏத்தணும், அது கஷ்டம். ஆள் கூடினா பிரிக்கலாம்னு பணம் வாங்கற பகுதியை மட்டும் ஒதுக்கி வச்சேன்."

எதிர்த்த சீனியரைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் மாறியது. அவர் பக்க நியாயத்தை முதலில் சொல்லிவிட்டு, பிறகு உன் நியாயத்தைச் சொல் என்றேன்.

உங்கள் வீட்டிலும் இப்படிப் பிள்ளை இருந்தால், அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள். பொங்குவதற்குள் முடிய வேண்டும். என் பெண் முதல் வாரம் மூன்று தடவை பொங்க விட்டாள்.

போன புதன்கிழமை இன்டர்வியூ முடிந்தது. பதில் வர இரண்டு வாரம் ஆகுமாம். அதற்குள் இன்னொரு சம்பவம் தயார் செய்கிறோம், அவள் முடிவு தோற்றுப்போனது ஒன்று. அதையும் கேட்பார்களாமே!