'ஓகே டாக்டர்'

மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதிக் கொடுத்தேன். "வாரத்துக்கு ஒரு நாள்தாம்மா, தினமும் போடக்கூடாது." அந்த அம்மா "ஓகே டாக்டர்" என்றார்.

பத்தே நாளில் வாயெல்லாம் புண்ணோடு வந்தார். தினமும் போட்டிருக்கிறார்! வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன. உடனே அட்மிஷன்.

அப்போ அந்த ஓகேவுக்கு என்னதான் அர்த்தம்?

அந்தச் சொல் பிறந்ததே கிண்டலில்தான். 1839 மார்ச் 23, பாஸ்டன் மார்னிங் போஸ்ட் பத்திரிகை. 'ஆல் கரெக்ட்' என்பதை வேணும்னே தப்பா 'ஓல் கொரெக்ட்'னு எழுதி, முதலெழுத்துகளை மட்டும் போட்டார்கள். அந்தக் காலத்து வாட்ஸப் பாஷைன்னு வைங்க. அப்படி வந்த சுருக்கங்களில் பெரும்பாலானவை மறைந்துவிட்டன. 1840 தேர்தலில் அதிபர் மார்ட்டின் வான் பியூரனின் ஆட்கள், 'ஓல்ட் கிண்டர்ஹூக்' என்ற அவர் பட்டப்பெயரோடு இதை முடிச்சுப்போட்டார்கள். அவர் தோற்றார், ஓகே ஜெயிச்சுது.

என் ஓபியில் அதுக்கு அர்த்தம் எத்தனையோ. புரிஞ்சுது. புரியலை. வெளியே ஆட்டோ நிக்குது. திரும்பக் கேட்டா திட்டுவீங்க.

இந்தக் கடைசி அர்த்தத்துக்கு நான்தான் காரணம். அன்னைக்கு வெளியே நாற்பது பேர், என் குரலில் அவசரம்.

அந்த அம்மா தேறி வீட்டுக்குப் போயிட்டாங்க. இப்போ யார் ஓகே சொன்னாலும் விடுறதில்லை. "வீட்டுக்குப் போய் எப்படிப் போடுவீங்க? நீங்களே சொல்லுங்க."