பேரிங்

2019இல் ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினேன். தொகுப்பாகக் கொண்டுவருமுன் தம் கவிதைகளின் கைப்பிரதியை அனுப்பி அவர் அபிப்பிராயம் கேட்டிருந்தார். நாற்பது கவிதைகளில் ஆறு தேறும் என்பதுதான் என் அபிப்பிராயம். அதற்கு ஒரு தபால் கார்டு போதும். நான் ஒன்பது தாள் எழுதினேன். பி.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு விமர்சனம் எழுத வந்தவனுக்கு இந்த வியாதி உண்டு. தாள்களை மடித்து 5 ரூபாய்த் தபால் கவரில் திணித்துப் பெட்டியில் போட்டேன்.

பத்து நாளில் கார்டு வந்தது. “உங்கள் கடிதம் பேரிங்காக வந்தது. 20 ரூபாய் கட்டி வாங்கிக்கொண்டேன். கவிதைகளைப் பற்றி யோசிக்கிறேன்.” அவ்வளவுதான்.

செஞ்சியில் எங்கள் பாங்க் கிளையில் பாதி வேலை நகைக்கடன். வெளியூர்க்காரர்கள் ராஜகிரியை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். மல்லாட்டை விதைப்புக்கு முன் தாலிச்சரடோடு வருகிறவர்களைத்தான் நாங்கள் பார்க்கிறோம். கார்டு வந்த அன்று மாலை, மதிப்பீட்டாளர் போன பிறகு, அதே ரகத் தாள் ஒன்பதையும் ஒரு காலிக் கவரையும் நகைத் தராசில் வைத்தேன். 44 கிராம். ஐந்தரைச் சவரன்.

கணக்கு எளிது. முதல் 20 கிராமுக்கு 5 ரூபாய். அதற்குமேல் ஒவ்வொரு 20 கிராமுக்கும், அதில் ஒரு துளிக்கும்கூட, இன்னொரு 5. ஆக 15 ரூபாய் ஆகியிருக்க வேண்டும். குறைந்தது 10. குறைந்ததைப்போல் இரண்டு மடங்கு, பெறுகிறவர் தலையில். ஒரு தாளை எடுத்துவிட்டுப் பார்த்தேன். 40க்குக் கீழே இறங்கிற்று. எந்தத் தாளை எடுத்திருக்கலாம் என்பது எனக்குத் தெரியும். எலியட்டைப் பற்றியது. நண்பரின் கவிதைகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

1840க்கு முன் இங்கிலாந்தில் தாள்களை எண்ணி, மைல்களை எண்ணி, பெரும்பாலும் பெறுகிறவரிடமே பணம் வாங்கினார்கள். தூரத்தால் ஆகும் செலவு அற்பம், அனுப்புகிறவனே எடைக்குத் தகுந்தபடி முன்கூட்டிக் கட்டட்டும் என்று ரோலண்ட் ஹில் 1837இல் ஒரு பிரசுரம் எழுதினார். இந்தியாவில் 1854இல் தூரம் கணக்கிலிருந்து போயிற்று. கால் தோலாவுக்கு அரையணா. சொல்ல வந்தவன்தான் அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற நியாயம் இதில் இருக்கிறது. தபால் இலாகா ஏற்றுக்கொண்ட இதை விமர்சகர்கள் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. நம் தீர்ப்புகள் பெரும்பாலும் பேரிங்கில்தான் போகின்றன.

பேரிங் கடிதத்தை வேண்டாம் என்று திருப்பிவிடலாம். நண்பர் திருப்பவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் 20 ரூபாய் கொடுத்தார். அந்தப் பணத்துக்குத் தபால்தலை வாங்கி அனுப்ப நினைத்தேன். கடன் தீர்ந்ததாகிவிடும் என்று அனுப்பவில்லை.

அவருடைய தொகுப்பு இன்றுவரை வரவில்லை. என் கடிதம்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. அது காரணம் இல்லை என்பதற்கும் இல்லை. அந்த ஒன்பது தாளில் தேறிய ஆறு கவிதைகளுக்கு நான் கொடுத்த இடம் அரைப் பக்கம் என்பது மட்டும் ஞாபகமிருக்கிறது. குறைவு தபால்தலையில் மட்டும் இல்லை.

சென்ற வாரம் அந்த ஆறைப் பற்றி மட்டும் எழுதினேன். மூன்று தாள். தராசில் கவரோடு 18 கிராம்கூட வரவில்லை. ஆனாலும் பெட்டியில் போடாமல், கவுண்டரில் கொடுத்து எடை பார்க்கச் சொன்னேன்.

பதில் இன்னும் வரவில்லை.